சிறைவாயிலில் நின்ற தோழர்

தலைவர்களின் வரலாற்றை எழுதப் புகுவோர்க்கு இரண்டு காட்சிகள் எக்காலத்தும் கைகொடுத்து வந்திருக்கின்றன. ஒன்று, தலைவர் மக்கள்முன் தோன்றும் காட்சி. மற்றொன்று, பிரிந்துபோன போர்த்தோழரை அவர் மீண்டும் சந்திக்கும் காட்சி. முன்னதில் மாலையும் முழக்கமும் உண்டு. பின்னதில் கண்ணீர் உண்டு. எழுதுவோர் இவ்விரண்டையும் எவ்வாறு கையாள்கின்றனர் என்று நோக்கினால், அவர்கள் வரலாற்றை நாடுகிறார்களா, வழிபாட்டை நாடுகிறார்களா என்பது தெற்றெனப் புலப்படும்.

அரபு மொழியில் வரலாற்று நூல்கள் தோன்றிய காலத்திலேயே இத்துறையில் ஒரு வகைப்பாடு அமைந்துவிட்டது. பெருமானார் (ஸல்) அவர்களின் வாழ்வைக் கூறுவது ஸீரா. அவர்கள் கண்ட போர்களைக் கூறுவது மகாஸீ. அவர்களோடு நின்றவர்களைத் தலைமுறை தலைமுறையாக, வகுப்பு வகுப்பாக எடுத்துரைப்பது தபகாத். ஹிஜ்ரி 230-இல் மறைந்த இப்னு ஸஅத் அவர்களின் பெருநூல், அண்ணலாரின் வாழ்வைச் சொல்லி முடித்ததும் பத்ருப் போரில் நின்ற தோழர்களை ஒருவர்பின் ஒருவராக நிறுத்துகிறது. குறைஷிக் குலத்துச் செல்வரும் அங்கே உண்டு. விடுதலை பெற்ற அடிமையும் அங்கே உண்டு. தோழர்களின்றித் தலைவரின் வரலாறு முற்றுப் பெறாது என்னும் கொள்கையே அந்நூலின் அமைப்பு. தமிழில் நாட்டு விடுதலைத் தலைவர்களைப் பற்றி நாம் எழுதியவற்றில் ஸீரா உண்டு, மகாஸீயும் ஓரளவு உண்டு. தபகாத் இல்லை. இக்குறையை நம் தாமிரவருணிக் கரையின் பெருந்தலைவர் வ. உ. சிதம்பரம் பிள்ளை அவர்களின் வரலாற்றை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1908-ஆம் ஆண்டு மார்ச் 9-ஆம் நாள். வங்கத்துத் தலைவர் விபின சந்திர பாலர் சிறையினின்றும் விடுதலை பெற்ற நாள் அது. அதனைக் கொண்டாடக்கூடாதென மாவட்ட ஆட்சித்தலைவர் விஞ்சு துரை விரும்பினார். தடையைக் கருதாது வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் நெல்லையில் தாமிரவருணிக் கரையிலுள்ள தைப்பூச மண்டபத்தருகே மக்களைக் கூட்டிப் பேசினர். மூன்று நாட்களில் இருவரும் கைது செய்யப்பட்டனர். மறுநாள், மார்ச் 13-ஆம் நாள், நெல்லையில் கடைகள் அடைபட்டன. மாணவர் வீதிக்கு வந்தனர். நகராட்சி அலுவலகமும் அஞ்சலகமும் காவல் நிலையமும் தாக்குண்டன. மண்ணெண்ணெய்க் கிடங்கு எரிந்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். தூத்துக்குடியில் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தனர். பின்னர் இரு நகரங்களிலும் தண்டக் காவற்படை நிறுத்தப்பட்டு, அதன் செலவு குடிமக்கள் தலையில் வரியாகச் சுமத்தப்பட்டது.

இச்செய்திகள் பலரும் அறிந்தவையே. ஆனால் இவற்றின் தொடக்கம் எதில் இருக்கிறது என்பதைப் பலர் நோக்குவதில்லை. நெல்லை எழுச்சிக்கு வித்திட்ட பொதுக்கூட்டம், சிறை மீண்ட ஒரு தோழருக்கு எடுத்த வரவேற்பு விழா. அந்தத் தோழரோ அங்கில்லை. ஆயிரம் கல் தொலைவில் இருந்தார். காணாத தோழரின் விடுதலையைக் கொண்டாடியதற்காகவே ஒருவர் தம் விடுதலையை இழந்தார். இதனினும் மேலான தோழமைச் சான்று நம் ஆற்றங்கரையில் வேறில்லை என்று கூறுதல் மிகையாகாது.

அவ்வாறு சிறை புகுந்தவர் வெளிவந்தபோது நிகழ்ந்ததென்ன? அமர்வு நீதிபதி பின்ஹே 1908 ஜூலையில் விதித்த இரட்டை ஆயுள் தண்டனை, மேல்முறையீட்டினால் குறைந்தது. கோயம்புத்தூரிலும் கண்ணனூரிலும் கொடுஞ்சிறை வாழ்வு வாழ்ந்து, செக்கிழுத்து, 1912 டிசம்பரில் வ.உ.சி. வெளியே வந்தார். ம. பொ. சிவஞானம் அவர்களின் ‘கப்பலோட்டிய தமிழன்’ நூலாலும், பி. ஆர். பந்துலு அவர்கள் 1961-இல் அதே பெயரில் எடுத்த திரைப்படத்தாலும் நம் மனத்தில் பதிந்துவிட்ட காட்சி இங்கே வருகிறது. சிறைவாயிலில் கூட்டமில்லை, மாலையில்லை. தொழுநோயால் உருமாறிய ஒருவர் மட்டும் நிற்கிறார். அவர் சுப்பிரமணிய சிவா. வெளிவந்தவருக்கு அவரை முதலில் அடையாளம் தெரியவில்லை. திரையில் சிவாஜி கணேசன் அவர்களும் டி. கே. சண்முகம் அவர்களும் இக்காட்சியில் தோன்றியதைக் கண்டு கண்ணீர் விடாதார் அரியர்.

இக்காட்சியின் ஆற்றலை நாம் மறுக்கவில்லை. நன்றி மறந்த மக்களுக்கு அது ஓர் இடித்துரை. நூலாசிரியரும் இயக்குநரும் அந்நோக்கத்தில் வெற்றி பெற்றிருக்கின்றனர். ஆயினும் திறனாய்வாளன் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு மூன்று வினாக்களை எழுப்ப வேண்டியவனாகிறான்.

முதல் வினா: மக்கள் ஏன் வரவில்லை? காட்சி இதற்கு விடை கூறுவதில்லை. நன்றிகெட்டதனம் என்னும் ஒரு சொல்லில் விடையை முடித்துவிடுகிறது. ஆனால் 1908-க்கும் 1912-க்கும் இடையில் நடந்தவற்றை எண்ணிப் பார்க்க வேண்டும். துப்பாக்கிச் சூடு நடந்தது. எழுச்சியில் கலந்தோர் தண்டனை பெற்றனர். தண்டக் காவல் வரி வீடு வீடாகத் தண்டப்பட்டது. சுதேசிக் கப்பற் கம்பெனி 1911-இல் கலைக்கப்பட்டுப் பங்குதாரர் பொருளிழந்தனர். அதே ஆண்டு ஜூன் 17-ஆம் நாள் மணியாச்சி நிலையத்தில் வாஞ்சிநாதன் ஆஷ் துரையைச் சுட்டுத் தானும் மாண்டான். அதன்மேல் எழுந்த சதி வழக்கில் 1912-இல் தீர்ப்பாயிற்று. நெல்லைச் சீமை முழுவதும் அச்சம் சூழ்ந்திருந்தது. வராத மக்கள் அனைவரும் மறந்தவர்கள் அல்லர். அஞ்சியவர்களும் அவர்களில் இருந்தனர். ஏற்கெனவே விலை கொடுத்துவிட்டவர்களும் இருந்தனர். மக்களை வெறும் நன்றியிலிகளாகக் காட்டும் காட்சி, தலைவரை உயர்த்துவதற்காக அவருடைய தோழர்களைத் தாழ்த்திவிடுகிறது.

இரண்டாம் வினா: வந்த ஒருவரை அக்காட்சி என்ன செய்கிறது? சிவாவை அது நோயாகவே காட்டுகிறது. தலைவரின் துயரத்தைப் பெருக்கிக் காட்டும் கண்ணாடியாக அவர் நிற்கிறார். பார்த்தவர் மனத்தில் எஞ்சுவது அவருடைய புண்ணே ஒழிய அவருடைய பேச்சன்று, எழுத்தன்று. ஆனால் உண்மையில் நிகழ்ந்தது யாது? நோயுற்ற அம்மனிதர் அதற்குப் பின் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார். 1913-இல் ‘ஞானபாநு’ என்னும் திங்களிதழைத் தொடங்கினார். அதில் வ.உ.சி. எழுதினார். புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்திருந்த பாரதியார் அங்கிருந்து எழுதினார். 1908-இல் சிதறுண்ட மூவரும் நேரில் ஓரிடத்தில் கூட இயலாத காலத்தில் ஓர் இதழின் பக்கங்களில் கூடினர். ஒருவர் தொழுநோயாளி, ஒருவர் வழக்கறிஞர் உரிமம் பறிக்கப்பட்டவர், ஒருவர் அந்நிய மண்ணில் ஒதுங்கியவர். எழுத்தைத் தொழிலாகக் கொண்ட நம்மவர்க்கு இதனினும் பெரிய சந்திப்பு எது? எனினும் சிறைவாயிலைப் பற்றிப் பேசாத மேடை இல்லை. ‘ஞானபாநு’வைப் பற்றிப் பேசும் மேடை அரிது. கண்ணீருக்கு வாய்ப்பில்லாத சந்திப்பு நம்மவர்க்குச் சந்திப்பாகவே தோன்றுவதில்லை போலும்.

இவ்விடத்தில் ஹதீஸ் கலை வல்லார் தந்த ஒரு நுட்பத்தை நினைவுகூர்தல் தகும். ஸஹாபி எனப்படுபவர் யார் என்று வரையறுக்கையில், அண்ணலாரைப் பார்த்தவர் என்று சொல்வதா, சந்தித்தவர் என்று சொல்வதா என்று அறிஞர் ஆராய்ந்தனர். இப்னு ஹஜர் அவர்கள் ‘லிகா’, அதாவது சந்திப்பு என்னும் சொல்லையே தேர்ந்தார்கள். பார்த்தவர் என்று கூறினால், கண்பார்வையற்ற இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் தோழர் கணத்தினின்றும் நீங்கிவிடுவார்கள் அல்லவா? ஒரு சொல்லைத் தேர்வதில் ஒரு தோழர் விடுபட்டுவிடக் கூடாதென்று அவ்வறிஞர் காட்டிய கவலையை எண்ணிப் பாருங்கள். நம் வரலாற்று நூல்களோ காட்சிக்கு அடங்கியவர்களை மட்டும் வைத்துக்கொண்டு எஞ்சியோரை விட்டுவிடுகின்றன. தைப்பூச மண்டபத்தருகே தலைவரைப் பார்த்தவர் பலர். அவரைச் சந்தித்து அவரோடு நின்று அதற்கு விலை கொடுத்தவர் யாவர் என்பதே தோழமையின் அளவுகோல்.

மூன்றாம் வினா நம்மை நோக்கியது. சிறைவாயிற் காட்சியில் இல்லாத தோழர்களை நம் சமுதாய ஏடுகளேனும் நினைவுகூர்ந்தனவா? ஆம் என்று விரைந்து விடை கூறுவோர் ஹாஜி முஹம்மது பக்கீர் சேட் அவர்களைச் சுட்டுவர். 1906 அக்டோபர் 16-ஆம் நாள் பதிவான சுதேசிக் கப்பற் கம்பெனியின் மூலதனம் பத்து இலட்ச ரூபாய். பங்கொன்றுக்கு 25 ரூபாயாக 40,000 பங்குகள். அவற்றில் 8,000 பங்குகளைப் பக்கீர் சேட் ஒருவரே இரண்டு இலட்ச ரூபாய்க்கு ஏற்றார். மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு! பாண்டித்துரைத் தேவர் தலைவராக அமர்ந்த அந்நிறுவனம் ‘காலியா’, ‘லாவோ’ என்னும் இரு கப்பல்களை வாங்கித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓட்டியதில் சேட் அவர்களின் பொருள் எத்துணை இன்றியமையாதது என்பதை விரிக்க வேண்டுவதில்லை.

ஆனால் நம் ஏடுகள் இச்செய்தியை எவ்வாறு எழுதுகின்றன? விடுதலைப் போரில் முஸ்லிம்களின் பங்கு என்னும் தலைப்பின்கீழ், ஒரு வரியில், இரண்டு இலட்சம் என்னும் எண்ணோடு எழுதி முடித்துவிடுகின்றன. சேட் அவர்கள் ஒரு மனிதராக அவ்வரியில் இல்லை. நம் நாட்டுப்பற்றுக்கு நாம் நீட்டும் நற்சான்றிதழாகவே இருக்கிறார். எவரோ நம்மை ஐயுற்றுக் கேட்டதுபோலவும், அதற்கு நாம் பற்றுச்சீட்டைக் காட்டுவதுபோலவும் அவ்வரி அமைகிறது. இது அவருக்குச் செய்யும் சிறப்பன்று. அவர் அப்பொருளை எவருடைய ஐயத்தைப் போக்கவும் கொடுக்கவில்லை. ஆங்கிலக் கம்பெனியின் ஏகபோகத்தை உடைக்க முடியும் என்று நம்பிக் கொடுத்தார். அந்நம்பிக்கையில் வணிக அறிவும் இருந்தது, துணிவும் இருந்தது, இறுதியில் இழப்பும் இருந்தது. கம்பெனி கலைந்தபோது ‘காலியா’ போட்டிக் கம்பெனிக்கே விலைபோயிற்று என்பர். இழப்பைச் சொல்லாமல் கொடையை மட்டும் சொல்வது, தோழரின் தியாகத்தில் பாதியை மறைப்பதேயாகும்.

மேலும் ஒன்று. சொந்தக் கப்பல் வாங்குமுன் வ.உ.சி. பம்பாய் ‘ஷாலேன் ஸ்டீமர்ஸ்’ நிறுவனத்திடம் கப்பல்களை வாடகைக்கு எடுத்தார். அதன் உரிமையாளர் எஸ்ஸாஜி தாஜ்பாய் என்னும் முஸ்லிம் வணிகர். பிரிட்டிஷ் இந்தியக் கம்பெனியின் நெருக்குதலால் அவர் கப்பல்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அதன் விளைவாகவே சொந்தக் கப்பல் என்னும் எண்ணம் உறுதிப்பட்டது. பக்கீர் சேட்டை ஆயிரம் முறை எழுதிய நம் ஏடுகள் தாஜ்பாயை எழுதுவதில்லை. நற்சான்றிதழில் அவருக்கு இடமில்லை. வரலாற்றிலோ இருவருக்கும் இடமுண்டு. நெருக்குதலுக்கு ஒருவர் பணிந்தார் என்பதை அறியும்போதுதான், மற்றவர் பணியாது கொடுத்ததன் அருமை விளங்கும். ஒரே சமுதாயத்தில் இருவகையினரும் இருந்தனர் என்று எழுதும் துணிவு வரும்வரை நம் எழுத்து மனுவாகவே இருக்கும், வரலாறாகாது.

பாரதியார் செய்தியிலும் இதுவே நிலை. கடையத்தில் வாழ்ந்த நாட்களில் அவர் 1920-இல் பொட்டல்புதூருக்கு வந்து இஸ்லாத்தின் மகிமையைப் பேசினார். ‘சுதேசமித்திரன்’ அதனை வெளியிட்டது. அவர் நம்மைப் புகழ்ந்ததை நாம் நூறாண்டாகப் போற்றி வருகிறோம். புதுச்சேரியினின்றும் வெளிவந்து 1918-இல் கைதாகி, எழுத்துக்கும் பேச்சுக்கும் கட்டுப்பாடுகள் சூழ்ந்திருந்த ஒருவரை, ஆட்சியினர் ஐயக்கண் கொண்டு நோக்கிய ஒருவரை, பொட்டல்புதூர்ப் பள்ளிவாசல் ஊரார் கூடியிருந்து கேட்டார்களே, அந்த ஊராரின் துணிவை எவர் எழுதினார்? புகழ்ந்தவரை நினைப்பது எளிது. அவருக்குச் செவி கொடுத்தவரை நினைப்பதே கடமை.

இனி, தலைவர் தோழரைச் சந்திப்பதற்கு உரிய இலக்கணம் யாது? ஹுனைன் போருக்குப் பின் ஜிஃரானாவில் நிகழ்ந்ததை ஸீரா நூல்கள் விரித்துரைக்கின்றன. போர்ப்பொருளைப் பெருமானார் (ஸல்) அவர்கள் புதிதாக இஸ்லாத்துள் வந்த குறைஷித் தலைவர்க்கும் பிற குலத்தார்க்கும் வாரி வழங்கினார்கள். மதீனத்து அன்ஸாரிகளுக்கு ஏதும் கிட்டவில்லை. அவர்களிடையே மனக்குறை எழுந்தது. ஸஅத் இப்னு உபாதா (ரலி) அவர்கள் அதனை ஒளியாது தெரிவித்தார்கள். அண்ணலார் பொது மேடையில் விளக்கம் கூறவில்லை. அன்ஸாரிகளை மட்டும் தனியே ஓரிடத்தில் கூட்டச் செய்தார்கள். தாம் அவர்களுக்குச் செய்ததைச் சொன்னார்கள். பிறகு, அன்ஸாரிகள் தமக்குச் செய்த உதவிகளையும் தாமே ஒவ்வொன்றாக எடுத்துரைத்தார்கள்: பிறர் பொய்யரென்றபோது நீங்கள் நம்பினீர்கள், பிறர் கைவிட்டபோது நீங்கள் துணைநின்றீர்கள், விரட்டப்பட்டு வந்தபோது நீங்கள் இடம் தந்தீர்கள் என்று நீங்கள் கூறினால் அதுவும் உண்மையே என்னும் கருத்துப்பட மொழிந்தார்கள். மற்றவர் ஆடும் ஒட்டகமும் கொண்டு செல்ல, அன்ஸாரிகள் இறைத்தூதரைக் கொண்டு ஊர் திரும்புவதை விரும்பமாட்டார்களா என வினவியபோது, தாடி நனைய அழுதனர் அத்தோழர்.

இங்கும் கண்ணீர் உண்டு. ஆனால் அது எதனால் பிறந்தது? தோழரிடம் தாம் பட்ட கடனைத் தலைவரே தம் வாயால் எடுத்துரைத்தமையால் பிறந்தது. தோழர்கள் கேட்க நாணிய கணக்கைத் தலைவர் தாமே படித்தார்கள். சந்திப்பின் இலக்கணம் இதுவென்று நாம் கொள்கிறோம். தலைவரின் துயரத்துக்காகத் தோழர் அழுவது எளிய காட்சி. தோழரின் உரிமைக்காகத் தலைவர் வாய் திறப்பதே உயர்ந்த காட்சி.

இவ்விலக்கணத்தை வைத்துப் பார்க்குமிடத்து, வ.உ.சி.யின் வாழ்வில் பெரிதும் பேசப்படாத ஒரு செய்தி ஒளி பெறுகிறது. சிறை மீண்டு, உரிமம் இழந்து, சென்னையில் வறுமையுற்று வாழ்ந்த காலத்தில், தென்னாப்பிரிக்கத் தமிழர் அவருக்கெனத் திரட்டிய தொகை காந்தியடிகளிடம் சேர்ந்திருந்தது. அதன் பொருட்டு 1915, 1916-ஆம் ஆண்டுகளில் இருவர்க்கும் இடையே கடிதங்கள் நடந்தன. தொகை 347 ரூபாய் 12 அணா. பேராசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி அவர்கள் அக்கடிதங்களை ஆராய்ந்து வெளியிட்டுள்ளார்கள். 12 அணா வரை எண்ணிச் சொல்லப்படும் அத்தொகை, கடல் கடந்து கூலிக்குச் சென்ற எளியோர் தம் ஊதியத்திற் பிரித்துத் தந்தது. சிறைவாயிலுக்கு எவரும் வரவில்லை என்று நாம் புலம்பும் அதே காலத்தில், ஆப்பிரிக்கக் கரையில் பெயரறியாத் தமிழர் அவரை நினைத்திருந்தனர். வரவேற்பு வாயிலில் இல்லை. கடலுக்கு அப்பால் இருந்தது. காட்சியை மட்டும் நம்புவோர்க்கு இது தெரிவதில்லை.

தோழர் தம் குறைகளோடும் தோழரே என்பது அடுத்துக் கருதத்தக்கது. வ.உ.சி. பாரதியாரைப் பற்றி எழுதிய நினைவுகளில், நட்பின் இனிமையோடு, நண்பரின் பிற்கால நிலையில் தம் மனத்தைத் துன்புறுத்தியவற்றையும் மறைக்கவில்லை. அவ்வாறு எழுதியதனால் அன்பு குறையவில்லை, நம்பகம் கூடிற்று. அவர் தம்மைப் பற்றிய செய்திகளும் அவ்வாறே ஆராயப்பட வேண்டியவை. தமக்கு வழக்கறிஞர் உரிமம் மீளக் காரணமாயிருந்த வாலஸ் துரையின் நினைவாகத் தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று அவர் பெயரிட்டார். ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்தவர் ஆங்கிலேய நீதிபதியின் பெயரை மகனுக்கு இட்டாரே என்று முகம் சுளிப்போர் உண்டு. இதனை மறைத்தெழுதுவோரும் உண்டு. இருவரும் அவரை அறியாதவர்கள். உதவியவர் எவராயினும் அவ்வுதவியை வீட்டுக்குள் நாள்தோறும் ஒலிக்கும் பெயராக்கிய நன்றியுணர்வு அது. பகைமை ஆட்சியோடு, நன்றி மனிதனோடு. இவ்வேறுபாட்டைக் கற்றுத் தருவதற்காகவேனும் இச்செய்தியைப் பாடநூல்களில் சேர்க்கலாம்.

மக்கா வெற்றிக்கு முன் ஹாதிப் இப்னு அபீ பல்தஆ (ரலி) அவர்கள் குறைஷியருக்கு எழுதிய கடிதம் பிடிபட்டபோது, உமர் (ரலி) அவர்கள் கடுந்தண்டனையை வேண்டினார்கள். ஹாதிப் பத்ரில் கலந்தவரல்லவா என்று அண்ணலார் நினைவூட்டினார்கள். பிழையை எவரும் மறைக்கவில்லை. இன்றளவும் நூல்களில் அது நிற்கிறது. ஆனால் பத்ரும் உடன் நிற்கிறது. தோழர்களைப் பற்றி எழுதுவதற்கு இதனினும் நேர்மையான முறை இல்லை.

இரண்டாம் உலகப் போரின் தோழமைக் கதையும் ஈண்டு ஒப்புநோக்கத் தக்கது. நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் 1943-இல் நீர்மூழ்கிக் கப்பலில் ஐரோப்பாவிலிருந்து கீழ்த்திசைக்கு வந்தபோது உடன்வந்தவர் ஆபித் ஹஸன். அவ்வாண்டு அக்டோபர் 21-ஆம் நாள் சிங்கப்பூரில் அமைந்த சுதந்திர அரசின் ஆலோசகருள் ஒருவர் தமிழ் முஸ்லிம் எழுத்தாளர் கரீம் கனி. 1945 ஆகஸ்ட் 18-ஆம் நாள் தைவானில் நிகழ்ந்ததாகக் கூறப்படும் விமான விபத்தில் உடனிருந்தவர் ஹபீபுர் ரஹ்மான். நேதாஜி தம் போர்த்தோழரைத் தாய்மண்ணில் சந்திக்கும் நாள் வரவேயில்லை. சந்திப்பு நிகழாதபோது தோழர் செய்யக்கூடியது ஒன்றே: சாட்சி சொல்லுதல். 1956-இல் ஷா நவாஸ் கான் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தபோது, அதற்குள் பாகிஸ்தான் குடிமகனாகிவிட்ட ஹபீபுர் ரஹ்மான் எல்லை கடந்து வந்து சாட்சியமளித்தார். அவர் கூற்றை ஏற்றாரும் உண்டு, மறுத்தாரும் உண்டு. பின்னர் அமைந்த முகர்ஜி ஆணையம் விபத்துச் செய்தியையே ஏற்கவில்லை. நாம் கருதுவது வேறு: நாடு இரண்டான பின்னும் தோழமையின் கடமை அவரைக் கொண்டுவந்து நிறுத்திற்று என்பதே.

அரபு மொழியில் ‘ஷாஹித்’ என்றால் சாட்சி. ‘ஷஹீத்’ என்றால் உயிர்த்தியாகி. இரண்டும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை. உயிர் கொடுத்தவரும் உண்மை உரைத்தவரும் ஒரே பணியின் இரு பகுதியைச் செய்தவர் என்று அம்மொழி கருதுகிறது போலும். விடுதலைப் போராட்ட வீரர்க்கு நடுவணரசு 1972-இல் ஓய்வூதியத் திட்டம் வகுத்தபோது, சிறைப் பதிவேடு கிடைக்காதவிடத்து உடனிருந்த சிறைத்தோழரின் சான்றை ஏற்க வழி செய்தது. அரசு அறிந்தோ அறியாமலோ தோழமையின் உள்ளியல்பைத் தொட்டுவிட்டது. தோழர் என்பவர் கட்டித் தழுவி அழுவதற்கு மட்டும் உரியவரல்லர். இவர் என்னோடு இருந்தார் என்று சொல்லும் பொறுப்புடையவர். முதுமையில் சந்திக்கும் இரு போராளிகள் ஒருவர் மற்றவரின் ஏடாக விளங்குகின்றனர். ஒருவர் மறைந்தால் மற்றவரின் வரலாற்றிலும் பாதி அழிகிறது.

2021-இல் தமிழ்நாட்டரசு வ.உ.சி.யின் 150-ஆம் பிறந்த ஆண்டைச் சிறப்பாகக் கொண்டாடிற்று. தூத்துக்குடித் துறைமுகம் அவர் பெயர் தாங்கி நிற்கிறது. நெல்லையில் மணிமண்டபம் உண்டு. பாளையங்கோட்டையில் அவர் பெயரால் மைதானம் உண்டு. தலைவருக்குரிய சிறப்பில் குறைவில்லை. ஆனால் மார்ச் 13-ஆம் நாள் நெல்லை வீதியில் வீழ்ந்த நால்வரை மேடைகள் ‘நால்வர்’ என்றே குறித்துக் கடந்து செல்கின்றன. எண்ணிக்கையாக மட்டும் நிற்பவர் தோழராக நிற்க மாட்டார். அவர்தம் பெயரும் தொழிலும் தெருவும் குடும்பமும் பாடநூலிலும் கல்வெட்டிலும் ஏறவேண்டும். நமக்கு வேண்டுவது நெல்லைச் சுதேசித் தோழரின் தபகாத் ஒன்று: பங்கு வாங்கியவர், கப்பலில் ஏறியவர், கடையடைத்தவர், வேலை நிறுத்தியவர், வரி செலுத்தி வறியரானவர், பணிந்துபோனவர் உட்பட அனைவரையும் வகுப்பு வகுப்பாக நிறுத்தும் நூல்.

அதற்குரிய மூலங்கள் ஆவணக் காப்பகங்களில் மட்டும் இல்லை. கொழும்புக் கடல் வணிகம் காயல்பட்டினம், மேலப்பாளையம், தூத்துக்குடி முதலாய ஊர்களின் முஸ்லிம் இல்லங்களுக்கு அந்நாளில் அன்றாடச் செய்தி. அவ்வில்லங்களின் கணக்குகளும் கடிதங்களும் பெரும்பாலும் அரபுத் தமிழில் எழுதப்பட்டவை. அவ்வெழுத்தைப் படிப்போர் ஆண்டுக்காண்டு அருகி வருகின்றனர். பரணில் கிடக்கும் ஏட்டை ஓதிய கிதாபு என்றெண்ணி மரியாதையோடு கட்டி வைக்கும் குடும்பங்கள் உண்டு. அதில் சரக்குக் கணக்கோ, கப்பல் கட்டணமோ, பங்குச் செய்தியோ இருக்கக்கூடும் என்று அவர்கள் அறியார். பள்ளிவாசல் கிணற்றிலும் ஆற்றிலும் பழைய தாள்களை மரியாதையாக விட்டுவிடும் வழக்கத்தால் அழிந்தவை எத்தனையோ.

ஆதலின் வாசகப் பெருமக்கள் தம் இல்லத்து அரபுத் தமிழ் ஏடுகளை ஆற்றில் விடுமுன், அவ்வெழுத்தை அறிந்த ஆலிம் ஒருவரிடம் ஒருமுறை காட்டுதல் வேண்டும். மதரஸாக்கள் இப்பயிற்சியை மாணவர்க்குப் பாடமாக வைத்தல் வேண்டும். ஹதீஸின் அறிவிப்பாளர் தொடரை மனனம் செய்யும் மாணவனுக்கு, தன் பாட்டனார் கைப்பட எழுதிய கணக்கைப் படித்து இவரும் அன்று உடனிருந்தார் என்று சான்று பகர்வது அரிய செயலன்று. பழைய தோழமையைப் பேணுதல் ஈமானின் பகுதியென்று, அன்னை கதீஜா (ரலி) அவர்களின் காலத்தில் வந்து சென்ற முதியவளை அண்ணலார் அன்போடு வரவேற்று உபசரித்த நிகழ்ச்சி நமக்குக் கற்பிக்கிறது. நெல்லைத் தோழர்களுக்கு அக்கடன் இன்னும் தீர்க்கப்படவில்லை.